பாலியஸ்டர் நூலா, டைனீமா நூலா?

ஞாயிறுதோறும் மும்பை மாட்டுங்காவிலிருந்து அக்சா கடற்கரைக்குப் பட்டம் விடப் போவோம், நானும் மச்சானும். இருவருக்கும் ஒரே மாதிரி இரட்டை நூல் பட்டம், கைக்கொரு நூலாகப் பிடித்துத் திருப்புவது; நூல் நீளமும் அதே 25 மீட்டர். அவனுடையது பாலியஸ்டர் நூல், என்னுடையது டைனீமா, அதாவது அதிகம் இழுபடாத, வலுவான பாலிஎத்திலீன் இழை.

பாலியஸ்டர் மலிவு, எப்படி வேண்டுமானாலும் முடிச்சுப் போடலாம். ஆனால் ரப்பர் மாதிரி இழுபடும். கையைச் சுண்டினால் அது பாதி வழியிலேயே கரைந்து, பட்டம் யோசித்துத்தான் திரும்பும். நாலைந்து கரணம் அடித்தால் இரண்டு நூலும் முறுக்கி ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். டைனீமா வழுக்கும், அத்தனை முறுக்கோடும் இடது கையை இழுத்தால் பட்டம் இடப்பக்கமே திரும்புகிறது. பட்டத்தைப் படுத்தவாக்கில் ஒரு சுற்றுச் சுற்ற வைக்கும் ஆக்ஸல் மாதிரி, நூலைத் தளர்த்திச் சுண்டும் வித்தைகள் பழக எனக்கு இதுதான் சரி.

வம்பும் உண்டு. முடிச்சு நழுவும், முனைக்கு உறை போட்டுக் கட்ட வேண்டும். சூடும் தாங்காது, வேறு நூல் உரசினால் போச்சு.

போன மாதம் பட்டம் வலப்பக்கமே சாய்ந்தது. சூத்திரத்தை, அதாவது பட்டத்தில் நூலை மாட்டும் கயிற்றுக் கட்டை, அவிழ்த்து அரை மணி நேரம் குடைந்தேன். அப்புறம் இரண்டு நூலையும் ஒரே ஆணியில் மாட்டி இழுத்துப் பார்த்தால், ஒன்று இரண்டு விரல் நீளம் அதிகம். மச்சான் இன்னும் சிரிக்கிறான்.