8 வருஷமா கேக்குற ஒரே செல்லோ டிராக்: வேகம், ஸ்ருதி, மூடு பத்தி

2017ல தூக்கம் வராம அலைஞ்சப்ப யாரோ சொல்லி பிடிச்ச டிராக் இது. ஆர்வோ பேர்ட்னு எஸ்டோனியாக்காரர், 1978ல வயலினுக்கும் பியானோவுக்கும் எழுதின ‘ஸ்பீகெல் இம் ஸ்பீகெல்’. இசிஎம்ங்கற ரெக்கார்டு கம்பெனி 1999ல ‘அலினா’ன்னு ஒரு ஆல்பம் போட்டாங்க, அதுல இதே பீஸ் 3 தடவ வரும், முதல்லயும் கடைசியிலயும் வயலின், நடுவுல செல்லோ, அதாவது வயலின் மாதிரியே ஆனா பெரிசா, குரல் தாழ்வா இருக்குற வாத்தியம். நான் பேசப்போறது அந்த நடு டிராக் மட்டும்தான். செல்லோ டீட்மர் ஷ்வால்கே, பியானோ அலெக்சாண்டர் மால்டர், 9 நிமிஷத்துக்கு கொஞ்சம் மேல ஓடும். வயலின் வெர்ஷன் கெட்டதில்ல, ஆனா ராத்திரி 11 மணிக்கு மந்தைவெளியில ஃபேன் சத்தத்துக்கு நடுவுல வயலின் மேல நின்னு ஊசி மாதிரி குத்துது, செல்லோ தரையில உக்காந்து பேசுது.

பேருக்கு அர்த்தம் கண்ணாடிக்குள்ள கண்ணாடி. நம்ம ஊர் சலூன்ல முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு மாட்டியிருப்பாங்களே, நடுவுல உக்காந்தா நம்ம தலை வரிசையா உள்ள உள்ள போகும், அதேதான்.

வேகம் பத்தி முதல்ல எனக்கு தப்பான எண்ணம் இருந்துச்சு, ரொம்ப ஸ்லோன்னு நெனச்சேன். கால தட்டிப் பாத்தாதான் தெரியுது, பியானோ ஒண்ணும் ஸ்லோ இல்ல, ஒரு பாருக்கு, அதாவது ஒரு தாளச் சுத்துக்கு, 6 தட்டு, தகிட தகிடன்னு சாதாரணமா நடக்குற நடை, ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் மாறவே மாறாது. செல்லோதான் ஒவ்வொரு ஸ்வரத்தையும் இழுத்துப் பிடிச்சுட்டு நிக்குது. பியானோ மத்யம காலத்துல (நடு வேகம்) போகுது, செல்லோ விளம்ப காலத்துல (மெதுவா) போகுதுன்னு வெச்சுக்கங்களேன். அதனாலதான் எனக்கு இதக் கேட்டுட்டு தூக்கம் வரல, தூக்க மருந்தா பிடிச்ச டிராக் அந்த வேலையே செய்யல, ஆனா வேளச்சேரி பறக்கும் ரயில்ல சாயங்காலம் நின்னுட்டே வரும்போது மூச்சு மட்டும் தானா அந்த நடைக்கு வந்துடுது, அதுக்காகவே வெச்சிருக்கேன்.

ஸ்ருதி எஃப் மேஜர், அதாவது எஃப்-தான் ஸ, நம்ம கணக்குல 4 கட்டை. அம்மா கொஞ்ச வருஷம் பாட்டு சொல்லிக் குடுத்தவங்க, அவங்களுக்கு 5 கட்டை. ஒரு நாள் ஸ்பீக்கர்ல போட்டு விட்டேன், ரெண்டு நிமிஷம் கேட்டுட்டு “என்னடா, சங்கராபரணத்துல சரளி வரிசை வாசிக்கறான்?”னாங்க. சரளி வரிசைன்னா பாட்டு கிளாஸ்ல குழந்தைங்களுக்கு முதல் பாடம். கோவம் வந்துச்சு, ஆனா ஆராய்ஞ்சா அவங்க சொன்னது பாதிக்கு மேல உண்மை. செல்லோ மொதல்ல ரெண்டே ஸ்வரம், ரி க. அப்புறம் எதிர்ப்பக்கத்துல இருந்து ம க. அப்புறம் ஒவ்வொரு ஸ்வரமா கூடிக்கிட்டே, ஒரு தடவ ஏறி ஒரு தடவ இறங்கி, எவ்ளோ தூரம் போனாலும் திரும்ப க-வுக்கே வந்து நிக்கும். தீட்சிதரோட ‘த்யாகராஜ யோக வைபவம்’ கீர்த்தனையில பல்லவி வரி மாட்டு வால் மாதிரி சுருங்கிட்டே போகும்ல, இது தலைகீழ், ஆறு மாதிரி அகலமாகிட்டே போற ஸ்ரோதோவஹ யதி. இத நான் சொன்னதும்தான் அம்மா கேஸ அணைச்சுட்டு வந்து உக்காந்தாங்க.

உக்காந்து அவங்க கண்டுபிடிச்ச விஷயம்தான் 8 வருஷத்துல எனக்கு கெடச்ச பெரிய லாபம். “ஸ-வுலயே நிக்க மாட்டேங்குறானே”ன்னாங்க. கரெக்ட். போற வழியில ஸ வரும், ஆனா முடிக்கறது க-வுலதான். நிறைய பேர் இத சோகப் பாட்டும்பாங்க, யாராச்சும் போயிட்டா ஸ்டேட்டஸ்ல வைப்பாங்க, ஆனா ராகத்துல சோகமே கெடையாது, முழு மேஜர், அம்மா சொன்ன அதே சங்கராபரணம். என்னன்னா வீட்டு வாசல் வரைக்கும் வந்துட்டு உள்ள போகாம திண்ணையிலயே உக்காந்துக்கிற மாதிரி இருக்கு. சந்தோஷமா இருக்குற அன்னிக்கு கேட்டா நிம்மதியா இருக்கு, அப்பா ஆஸ்பத்திரில இருந்த 12 நாளும் கேட்டேன், அப்ப வேற மாதிரி இருந்துச்சு, அத விடுங்க.

குறை இல்லாம இல்ல. ரெக்கார்டிங் ரொம்ப மெல்லிசு, பியானோவோட மேல் ஸ்வரம் மணி மாதிரி ஒண்ணு விழும், அடியில பேஸ் ஒண்ணு விழும், ரெண்டும் தெருவுல தேங்கா வண்டிக்காரர் ஒரு குரல் குடுத்தா காலி. சாதா இயர்ஃபோன்ல பேஸ் காணாமப் போயிடும், காத மூடுற மாதிரி ஹெட்ஃபோன் வேணும், அத மே மாசம் போட்டா காதுல வேர்த்துக் கொட்டும். ஃப்ரீ அக்கவுண்ட்ல கேக்கவே கேக்காதீங்க, கடைசி ஸ்வரம் அடங்கறதுக்குள்ள பெயிண்ட் விளம்பரம் கத்துச்சு, அன்னிக்குதான் காசு கட்டினேன்.

வேற செல்லோக்காரங்க வாசிச்சதும் நாலஞ்சு கேட்டுட்டேன். சில பேர் இன்னும் இழுக்கறாங்க, சில பேர் ஒவ்வொரு ஸ்வரத்துலயும் வைப்ரேட்டோ போட்டு ஆட்டறாங்க, உருக்கறேன்னு உருக்கி ஊத்திடறாங்க. ஷ்வால்கே ஆட்டறது ரொம்ப கம்மி, ஸ்வரத்த வெச்சுட்டு கைய எடுத்துடறார், எனக்கு அதுதான் பிடிக்குது.

அம்மாவுக்கு அதுதான் பிடிக்கல. “மொட்ட மொட்டயா இருக்கு”ன்னு இன்னும் சொல்றாங்க. ஆனா காலையில காய் நறுக்கும்போது ம க, ம க-ன்னு முனகல் கேக்குது, ம-வ நல்லா அசைச்சு, க-வ மட்டும் அசையாம அப்படியே நிறுத்தி.