2028 அமெரிக்க அதிபர் தேர்தல்: நால்வரை ஒரே நாளில் வைத்து அளந்தால்

2028 நவம்பர் 7 அன்று நடைபெறவிருக்கும் அமெரிக்க அதிபர் தேர்தலில் டொனால்ட் டிரம்ப் போட்டியிட்டு மீண்டும் அதிபராக முடியாது. ஒருவர் இரண்டு முறைக்கு மேல் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்படலாகாது என்று 1951இல் நடைமுறைக்கு வந்த 22ஆவது அரசமைப்புத் திருத்தம் வரையறுத்திருக்கிறது. ஆகவே இரு கட்சிகளிலும் களம் திறந்து கிடக்கிறது. அடுத்து யார் என்ற பேச்சு பெரும்பாலும் பெயர்ப் பிரபலத்தையும் இப்போதைய கருத்துக்கணிப்புகளையும் சுற்றியே நடக்கிறது. அவற்றை நம்பி ஏமாந்த கதைகள் ஏராளம். 2016 தேர்தலுக்காக ஜெப் புஷ்ஷை ஆதரித்த நிதிக்குழு 10 கோடி டாலருக்கு மேல் திரட்டியிருந்தும், கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மாநிலம் மாநிலமாக நடக்கும் உட்கட்சித் தேர்தலில் தெற்கு கரோலினாவின் முடிவு வந்த இரவிலேயே அவர் விலகினார். 2023இல் டிரம்புக்கு மாற்று என்று கொண்டாடப்பட்ட ஃபுளோரிடா ஆளுநர் ரான் டிசான்டிஸ் அயோவா என்ற ஒரே மாநிலத்தோடு நின்றுபோனார்.

ஆகையால் வேறொரு அளவுகோலை எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். இன்று அதிகம் பேசப்படுகிற நான்கு பேர், அதாவது குடியரசுக் கட்சியின் ஜே.டி. வான்ஸ், மார்கோ ரூபியோ, ஜனநாயகக் கட்சியின் கேவின் நியூசம், ஜோஷ் ஷபிரோ ஆகியோர், 2022 நவம்பர் 8 என்ற ஒரே நாளில் தத்தம் மாநில வாக்காளர் முன் நின்றார்கள். வான்ஸ் ஒஹாயோவிலும் ரூபியோ ஃபுளோரிடாவிலும் செனட் பதவிக்குப் போட்டியிட்டார்கள். நியூசம் கலிஃபோர்னியாவிலும் ஷபிரோ பென்சில்வேனியாவிலும் ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டார்கள். (அமெரிக்க ஆளுநர் நம் மாநில ஆளுநரைப் போல நியமிக்கப்படுபவர் அல்லர், மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் அவரது அதிகாரம் நம் முதல்வரின் அதிகாரத்துக்கே நெருக்கமானது.) நால்வரும் வென்றார்கள். எவ்வளவு வாக்கு வித்தியாசத்தில் வென்றார்கள் என்பதை, அதே மாநிலத்தில் 2020இல் அவர்களுடைய கட்சியின் அதிபர் வேட்பாளர் பெற்ற வித்தியாசத்தோடு ஒப்பிட்டால், அந்த வெற்றியில் கட்சியின் பங்கு எவ்வளவு, ஆளின் பங்கு எவ்வளவு என்பது ஓரளவு புலப்படும்.

பென்சில்வேனியாவில் பைடன் 2020இல் 1.2 சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் வென்றார். ஷபிரோ ஏறத்தாழ 15 புள்ளி வித்தியாசத்தில் வென்றார். ஃபுளோரிடாவில் டிரம்பின் வித்தியாசம் 3.3 புள்ளி, ரூபியோவின் வித்தியாசம் 16க்கு மேல். ஒஹாயோவில் டிரம்ப் 8 புள்ளியில் வென்றிருக்க, வான்ஸ் 6 புள்ளியில்தான் வென்றார். கலிஃபோர்னியாவில் பைடனின் வித்தியாசம் 29 புள்ளி. நியூசம் பெற்றது 18 புள்ளி. ஷபிரோவும் ரூபியோவும் கட்சியை விட வெகுதூரம் முன்னே ஓடியிருக்கிறார்கள். வான்ஸ் சற்றே பின்தங்கினார். நியூசம் கணிசமாகவே பின்தங்கினார்.

இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்வதும் தவறு. ஷபிரோவை எதிர்த்து நின்ற டக் மாஸ்ட்ரியானோ, 2020 முடிவை ஏற்க மறுத்து, சொந்தக் கட்சியினர் பலரையே விலகிப்போகச் செய்தவர். ஆனால் அதே நாளில், அதே மாநிலத்தில், அதே கட்சிக்காக செனட் தேர்தலில் நின்ற ஜான் ஃபெட்டர்மன் 5 புள்ளி வித்தியாசத்தில் வென்றார் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வான்ஸின் கணக்கிலும் இத்தகைய ஓர் ஒப்பீடு உண்டு: அதே வாக்குச்சீட்டில் ஒஹாயோ ஆளுநர் மைக் டிவைன் 25 புள்ளி வித்தியாசத்தில் வென்றார். அதாவது டிவைனுக்கு வாக்களித்த குடியரசுக் கட்சிச் சார்பாளர்களில் ஒரு பகுதியினர், செனட் வரிக்கு வந்தபோது வான்ஸைத் தாண்டிச் சென்றிருக்கிறார்கள். ரூபியோவுக்கு ஃபுளோரிடா முழுவதுமே வலப்பக்கம் சாய்ந்த ஆண்டு அது. டிசான்டிஸ் அங்கே 19 புள்ளியில் வென்றார். எனவே ரூபியோவின் பெருமையில் ஒரு பங்கு அலைக்கு உரியது. நியூசத்துக்கோ அது தம் கட்சி அதிபர் பதவியிலிருந்த இடைக்காலத் தேர்தல்; வெற்றி உறுதியான மாநிலத்தில் ஆதரவாளர்கள் முழுமூச்சாக வந்து வாக்களிக்கத் தேவையிருக்கவில்லை.

இத்தனை கழிவுகளுக்குப் பிறகும் ஷபிரோவின் எண் ஏன் முக்கியம் என்பதை விளக்கத் தேர்வாளர் வாக்குகளின் கணக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மாநிலத்துக்கும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் தேர்வாளர் வாக்குகள் உண்டு; பெரும்பாலும் அங்கே வெல்பவரே அவற்றை மொத்தமாகப் பெறுகிறார். 2024இல் கமலா ஹாரிஸ் பெற்றவை 226 தேர்வாளர் வாக்குகள். டிரம்ப் பெற்றவை 312. பென்சில்வேனியா (19), மிச்சிகன் (15), விஸ்கான்சின் (10) ஆகிய மூன்று மாநிலங்களின் வாக்குகளைக் கூட்டினால் 44. 226உடன் 44ஐச் சேர்த்தால் மிகச் சரியாக 270, அதிபராகத் தேவையான எண். இந்த ஒதுக்கீடு 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அமைந்தது என்பதால் 2028க்கும் மாறாது. அந்த மூன்று மாநிலங்களிலும் சேர்த்து ஹாரிஸ் பின்தங்கியது சுமார் 2 லட்சத்து 30 ஆயிரம் வாக்குகளில்தான். பென்சில்வேனியா கைக்கு வராவிட்டால், மற்ற இரண்டையும் மீட்டாலும் 251இல் நின்றுவிடும். அதன்பின் ஜார்ஜியாவின் 16ஐச் சேர்த்தாலும் 267தான். அரிசோனாவையும் நெவாடாவையும் சேர்த்தாலும் 268தான். பென்சில்வேனியா இல்லாத பாதைகளில் சில இப்படி இரண்டு மூன்று வாக்குக் குறைவில் முட்டி நிற்கின்றன. அந்த மாநிலத்தில் ஜனநாயகக் கட்சிக்குக் குறைவது 1.7 புள்ளி. 2022இல் 15 புள்ளியில் வென்றவர் அதில் பத்தில் ஒரு பங்கை மட்டும் அதிபர் தேர்தலுக்குக் கொண்டுவந்தாலே ஏறத்தாழ அந்த இடைவெளி அடைபடும்.

அப்படிக் கொண்டுவர முடியுமா என்பதுதான் உண்மையான சிக்கல். ஆளுநராக விரும்பப்படுபவர் தேசிய அளவிலான தேர்தலில் அதே அன்பைப் பெறுவதில்லை. டென்னஸி ஆளுநராக 2006இல் மாநிலத்தின் 95 கவுன்டிகளையும் (நம் மாவட்டம் போன்ற பிரிவுகள்) வென்ற பில் பிரெடசன், 2018இல் செனட்டுக்கு நின்றபோது 10 புள்ளிக்கு மேற்பட்ட வித்தியாசத்தில் தோற்றார். மொன்டானாவில் ஸ்டீவ் புல்லக்குக்கும் மேரிலாண்டில் லாரி ஹோகனுக்கும் இதுவே நேர்ந்தது. மாநிலச் சாலையையும் பள்ளியையும் பார்த்து வாக்களிப்பவர், வாஷிங்டன் என்று வந்தவுடன் கட்சி நிறத்தைப் பார்க்கிறார். கென்டக்கியின் ஆண்டி பெஷியரை நான் முதல் வரிசையில் வைக்காததற்கும் இதுவே காரணம். 2020இல் டிரம்ப் 26 புள்ளியில் வென்ற மாநிலத்தில் 2023இல் 5 புள்ளியில் வென்ற அவர், என் அளவுகோலின்படி எல்லோருக்கும் முன்னால் நிற்க வேண்டியவர். ஆனால் அந்த இமாலய இடைவெளியே, அது முழுக்க உள்ளூர்க் கணக்கு என்பதையும் காட்டிக்கொடுக்கிறது. கென்டக்கி அவருக்காக நிறம் மாறப்போவதில்லை. ஷபிரோவுக்குத் தேவைப்படுவது நிறமாற்றமன்று, ஒரு சிறு சாய்வு மட்டுமே.

நியூசத்தின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. 2025இல் டெக்சாஸ், குடியரசுக் கட்சிக்குக் கூடுதலாக ஐந்து இடங்கள் கிடைக்கும் நோக்கில் தன் நாடாளுமன்றத் தொகுதிகளை மறுவரைவு செய்தபோது, மனம் நொந்து பேசிக்கொண்டிருந்த ஜனநாயகக் கட்சித் தலைவர்களிடையே, பதிலடியாக ஒரு காரியத்தைச் செய்து முடித்தவர் அவர். கலிஃபோர்னியாவின் தொகுதிகளை மாற்றியமைக்க வழிசெய்த 50ஆவது முன்மொழிவு 2025 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பில் சுமார் 64 சதவீத ஆதரவோடு நிறைவேறியது. உட்கட்சித் தேர்தலில் வாக்களிக்க வரும் தீவிர ஆதரவாளருக்கு, சண்டையிடத் தெரிந்தவர் என்ற அந்த அடையாளம் பெரிய சொத்து. 2021இல் அவரைப் பதவியிறக்க நடந்த திரும்ப அழைக்கும் வாக்கெடுப்பையும் ஏறத்தாழ 62 சதவீத ஆதரவோடு முறியடித்தவர் என்பதால், நெருக்கடியில் நிதானம் இழக்காதவர் என்றும் ஒப்புக்கொள்ளலாம்.

ஆனால் அவர் எங்கே போனாலும் கலிஃபோர்னியாவைச் சுமந்துகொண்டே போக வேண்டும். 2024 ஜனவரிக் கணக்கெடுப்பில் அந்த மாநிலத்தில் வீடற்றோர் எண்ணிக்கை 1 லட்சத்து 87 ஆயிரம். 2008இல் மக்கள் வாக்களித்து ஒப்புதல் தந்த அதிவேக ரயில் இன்னும் பயணிகளை ஏற்றவில்லை. இவை முழுவதும் அவருடைய பிழைகள் அல்ல. ஆனாலும் விஸ்கான்சினின் ஒரு சிற்றூரில் ஒளிபரப்பாகும் எதிர்க்கட்சி விளம்பரம் அந்த நியாயத்தை விளக்கிக்கொண்டிருக்காது. இதற்கு நேர் எதிரே ஷபிரோ காட்டக்கூடிய காட்சி ஒன்று உண்டு. 2023 ஜூன் மாதம் பிலடெல்பியாவில் ஐ-95 நெடுஞ்சாலையின் ஒரு பகுதி டேங்கர் லாரித் தீயில் இடிந்து விழுந்தபோது, மாதக்கணக்கில் ஆகும் என்று அஞ்சப்பட்ட பாதை 12 நாளில் திறக்கப்பட்டது. அரசாங்கத்தால் எதையும் கட்ட முடியாது என்ற சலிப்பு நிலவும் காலத்தில், பதினேழு ஆண்டு ரயிலுக்கும் பன்னிரண்டு நாள் சாலைக்கும் இடையிலான வேறுபாட்டை வாக்காளருக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் ஷபிரோவுக்கே வேட்பாளர் வாய்ப்பு என்று சொல்லிவிட முடியாததற்குக் காரணம், உட்கட்சித் தேர்தலின் விதி. ஜனநாயகக் கட்சியில் ஒரு மாநிலத்தில் 15 சதவீதம் தாண்டியவர்கள், வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளை விகிதாசாரப்படி பங்கிட்டுக்கொள்கிறார்கள். 1992 முதல் அக்கட்சியின் போட்டி எதுவாயினும், கறுப்பின வாக்காளரின் பெரும்பான்மை யாருக்குப் போகிறதோ அவரே வேட்பாளராகி வந்திருக்கிறார். 2020இல் அயோவாவில் முதலிடத்துக்கு மோதிய பீட் புட்டிஜெஜ் தெற்கு கரோலினாவில் 8 சதவீதத்தில் நின்று மறுநாளே விலகியதும், அயோவாவில் நான்காவதாக வந்த பைடன் அதே மாநிலத்தில் உயிர்பெற்றதும் இதனால்தான். ஷபிரோவுக்கு இன்னொரு முள்ளும் உண்டு. இஸ்ரேலை ஆதரிக்கும் அவருடைய நிலைப்பாடு, காஸா போருக்குப் பின் கட்சியின் இளையோருக்கு உவப்பாக இல்லை. கட்சியின் இடதுசாரி அணியைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ-கோர்ட்டெஸ் களமிறங்கினால் அந்த இளையோர் அவர் பின்னே திரள்வார்கள்; அப்போது ஷபிரோவுக்கும் நியூசத்துக்கும் நடுவழி வாக்குகளுக்கான நேரடிப் போட்டி மூளும்.

கறுப்பினப் பெண்களின் உறுதியான ஆதரவு இன்னமும் கமலா ஹாரிஸுக்கே மிகுதி. திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரத்தில் அவருக்காக இரண்டு தேர்தல்களிலும் பூசை நடந்தது. நமக்கு அவர்மேல் ஒரு பாசம் இருப்பது இயல்பே. 107 நாள் பிரசாரத்தில் சுமார் 7.5 கோடி வாக்குகள் பெற்றதைச் சிறுமைப்படுத்தவும் எனக்கு மனமில்லை. எனினும் பாசத்தை விலக்கிப் பார்த்தால், 2020 தேர்தலுக்காகத் தாமே நடத்திய முதல் முயற்சியை ஒரு வாக்குகூடப் பதிவாவதற்கு முன்பு, 2019 டிசம்பரில் கைவிட்டவர் அவர். தோற்ற வேட்பாளரை ஜனநாயகக் கட்சி மறுபடியும் நிறுத்தியது 1956இல் அட்லாய் ஸ்டீவன்சனோடு முடிந்துவிட்டது; அவரும் இரண்டாம் முறை தோற்றார். ஹாரிஸ் நின்றால் வேட்பாளராவது எளிதன்று. ஆனால் வேறு யார் ஆவது என்பதை அவரது வரவு தீர்மானிக்கக்கூடும்.

குடியரசுக் கட்சியில் நிலைமை சுருக்கமானது. வான்ஸ் நின்றால் ஆதரிப்பேன் என்று ரூபியோவே சொல்லிவிட்டார். பல மாநிலங்களில் முதலிடம் பெறுபவரே பிரதிநிதிகளை மொத்தமாகவோ பெரும்பகுதியாகவோ அள்ளிச்செல்லும் அக்கட்சியின் முறை, முன்னணியில் இருப்பவரை விரைவில் எட்டாத உயரத்துக்குக் கொண்டுபோய்விடும். 2016இல் ரூபியோ சொந்த ஃபுளோரிடாவிலேயே மயாமி-டேட் தவிர எல்லாக் கவுன்டிகளையும் டிரம்பிடம் இழந்ததை அவர் மறந்திருக்கமாட்டார். தனி ஆளாகப் பார்த்தால் ரூபியோ பொதுத்தேர்தலுக்கு வலுவானவர் என்றே நான் கருதுகிறேன். 99-0 என்ற வாக்குகளில் செனட் அவரை வெளியுறவு அமைச்சராக ஏற்றது. ஆனால் வான்ஸ் விலகினாலன்றி அவருக்குப் பாதை இல்லை.

வான்ஸைத் தடுக்கக்கூடியது அவர் அமர்ந்திருக்கும் துணை அதிபர் பதவிதான். 1836இல் மார்ட்டின் வான் பியூரனுக்குப் பிறகு, பதவியிலிருக்கும் துணை அதிபர் நேராக அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டது ஒரே முறை, 1988இல் ஜார்ஜ் எச்.டபிள்யூ. புஷ். 1960இல் நிக்சனும் 1968இல் ஹம்ஃப்ரியும் 2000இல் கோரும் மயிரிழையில் தோற்றார்கள். 2024இல் ஹாரிஸும் தோற்றார். புஷ்ஷுக்கு ரேகனின் செல்வாக்கு துணைநின்றது. வான்ஸோ 2025 ஜூலை 1 அன்று செனட்டில் 50-50 என்று நின்ற வரி மற்றும் மருத்துவ உதவி வெட்டு மசோதாவைத் தம் வாக்கால் நிறைவேற்றியவர். அதன் நன்மை தீமை இரண்டும் அவர் பெயரிலேயே எழுதப்படும். எண்ணிக்கை மட்டும் அவருக்குச் சாதகம்: டிரம்பின் 312இல் அந்த மூன்று மாநிலங்களும் போனாலும் 268 மிஞ்சும், மூன்றில் ஏதேனும் ஒன்றைக் காப்பாற்றினால் போதும்.

என் கணிப்பில் வான்ஸுக்கு எதிராக ஜனநாயகக் கட்சி நிறுத்தக்கூடியவர்களில் ஷபிரோவே வலுவானவர். வேட்பாளராவதற்கு நியூசத்துக்கே இன்று வாய்ப்பு கூடுதல். இதில் முதல் பாதியைச் சரிபார்க்க 2028 வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2026 நவம்பர் 3 அன்று ஷபிரோ மறுதேர்தலைச் சந்திக்கிறார். அன்றிரவு பென்சில்வேனியாவின் ஈரி, நார்தாம்ப்டன் ஆகிய இரு கவுன்டிகளை நான் கவனிப்பேன். 2016இல் டிரம்புக்கும் 2020இல் பைடனுக்கும் 2024இல் மீண்டும் டிரம்புக்கும் வாக்களித்த கவுன்டிகள் அவை.