மாதம் ஐம்பதாயிரம் என்று வட்டம் போட்டுக் கொடுத்த காகிதம்

கோத்தகிரிக்கு அப்பால் ஒரு கிராமத்துக் கிளை அஞ்சலகத்தில் பதினாறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். ஆர்.டி. போட்டால் ஐந்து ஆண்டில் எவ்வளவு வரும், செல்வமகள் கணக்கில் எப்போது பணம் எடுக்கலாம் என்று ஊரே என்னிடம்தான் வந்து கேட்கும். வட்டிக் கணக்கு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அந்த நான்தான் மகனின் எம்.பி.ஏ. படிப்பில் ஏமாந்தேன். வெட்கத்தை விட்டுத்தான் இதை எழுதுகிறேன். மே, ஜூன் வந்தால் மலைக்கு ஏறிவரும் கல்வி ஆலோசகர்கள் இந்த ஆண்டும் வருவார்கள்.

மகன் ஊட்டி அரசுக் கலைக் கல்லூரியில் பி.காம். முடித்தான். 2022-ல் எம்.பி.ஏ. சேர்க்கைக்கான டான்செட் நுழைவுத்தேர்வு எழுதினான். மதிப்பெண் நடுத்தரம்தான், ஆனால் கலந்தாய்வுக்குப் போயிருந்தால் ஏதாவது ஒரு நல்ல இடம் கிடைத்திருக்கும். அதற்குள் கோத்தகிரியில் ஒரு திருமண மண்டபத்தில் கல்வி வழிகாட்டி முகாம் நடந்தது. அங்கே பெயர் எழுதிக்கொடுத்த மூன்றாம் நாள் ஆலோசகர் வீட்டுக்கே வந்துவிட்டார். முப்பது வயதிருக்கும், மிகப் பணிவான ஆள். ‘அம்மா, அம்மா’ என்று வாய் நிறையக் கூப்பிட்டார். கருப்பட்டிக் காப்பி குடித்தார், நான் கட்டிக்கொடுத்த வர்க்கிப் பொட்டலத்தையும் மறக்காமல் எடுத்துக்கொண்டார். கோவைப் பக்கம் ஒரு தனியார் மேலாண்மைக் கல்லூரி. நூறு சதவீத வேலைவாய்ப்பு, சராசரிச் சம்பளம் ஆண்டுக்கு 6.8 லட்சம், அதிகபட்சம் 14 லட்சம் என்று வழவழப்பான தாளில் அச்சிட்டிருந்தார்கள்.

நான் கடனைப் பற்றித் தயங்கியபோது அவர் என் மகனின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்தத் தாள் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ‘குறைவாகவே வைத்துக்கொள்வோம், சம்பளம் ஆறு லட்சம். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 50,000. வங்கிக் கடன் ஏழரை லட்சம், தவணை 8,400. கையில் நிற்பது 41,600.’ கடைசி எண்ணைச் சுற்றி இரண்டு வட்டம். அன்றே 50,000 ரூபாய் முன்பணம் கட்டினோம், அவருக்குத் தனியாக 15,000 ஆலோசனைக் கட்டணம். கலந்தாய்வுவரை காத்திருந்தால் இடம் போய்விடும் என்று அவசரப்படுத்தினார்.

அந்தத் தாளில் கூட்டல் கழித்தலில் ஒரு பிழையும் இல்லை. பொய் முழுவதும் கணக்குக்குள் வைத்த எண்களில் இருந்தது.

முதலில் கடன். கல்விக் கடனில் படிப்புக் காலமும் அதற்குமேல் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. கட்ட வேண்டியதில்லையே தவிர, வட்டி ஒருநாளும் ஓய்வதில்லை. வங்கி ஒவ்வொரு பருவத்துக்கும் 1,87,500 வீதம் நான்கு முறை கல்லூரிக்கு அனுப்பியது. வட்டி 10.75 சதவீதம். தவணை தொடங்கும் நாளில் தனிவட்டியே 1,81,406 ரூபாய் சேர்ந்து, ஏழரை லட்சம் 9.31 லட்சமாக நின்றது. பத்தாண்டில் அடைக்க மாதம் ஏறத்தாழ 12,700. ஆலோசகர் சொன்ன 8,400 எங்கிருந்து வந்தது என்று பிறகு நானே போட்டுப் பார்த்தேன். சேர்ந்த வட்டியை விட்டுவிட்டு, வெறும் ஏழரை லட்சத்தைப் பதினைந்து ஆண்டுக்கு நீட்டினால் அந்த எண் வருகிறது. உண்மையான 9.31 லட்சத்தைப் பதினைந்து ஆண்டுக்கு நீட்டினால் தவணை 10,440-ஆகக் குறையும், ஆனால் மொத்தமாகக் கட்டுவது பதினைந்தேகால் லட்சத்திலிருந்து பதினெட்டே முக்கால் லட்சத்துக்கு ஏறிவிடும்.

என்னை இன்றும் தூங்கவிடாதது அந்த 1,81,406 ரூபாய்தான். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தவணை தொடங்கும்வரையுள்ள வட்டியை மத்திய அரசே கட்டும் திட்டம் ஒன்று 2009 முதல் இருக்கிறது. எங்கள் வருமானம் அந்த வரம்புக்குள்தான். வட்டாட்சியர் அலுவலகத்துக்கு மூன்று முறை அலைந்து சான்றிதழும் வாங்கிவிட்டேன். வங்கியில் கொடுத்தபோது அதிகாரி கணினியில் பார்த்துவிட்டு, ‘இந்தக் கல்லூரிக்கு நாக் தரச்சான்று இல்லையே அம்மா, படிப்புக்கு என்.பி.ஏ. சான்றும் இல்லை’ என்றார். நாக் என்பது கல்லூரியின் தரத்துக்கும், என்.பி.ஏ. என்பது படிப்பின் தரத்துக்கும் தரும் சான்று. 2018-ல் மாற்றிய விதிப்படி இரண்டில் ஒன்றாவது இருந்தால்தான் வட்டி மானியம். ஆலோசகரிடம் நான் கேட்டது ‘அங்கீகாரம் இருக்கிறதா’ என்று. கல்லூரி நடத்த ஏ.ஐ.சி.டி.இ. என்ற தொழில்நுட்பக் கல்விக் குழு கொடுத்த அனுமதிக் கடிதத்தைக் காட்டி ‘இருக்கிறது’ என்றார். அனுமதி வேறு, தரச்சான்று வேறு. அவர் பொய் சொல்லவில்லை. கேட்கத் தெரியாமல் கேட்டது நான். வருமான வரியில் 80இ பிரிவின்கீழ் வட்டிக்கு விலக்கு உண்டு என்றும் ஆலோசகர் பெருமையாகச் சொல்லியிருந்தார். வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் வாங்குபவனுக்கல்லவா அது?

கட்டணமும் அப்படித்தான். கல்லூரிக் கட்டணம் ஆறு லட்சம் என்றார்கள். விடுதியும் உணவும் தனி, வேலைவாய்ப்புப் பயிற்சி என்று 60,000 தனி, மடிக்கணினி, கோட்டு, தொழிற்சாலைச் சுற்றுலா என்று மேலும் 70,000. முடிவில் 9.1 லட்சம் ஆயிற்று. வங்கிக் கடன் போக மீதிக்கு என் வளையல்களும் மகளின் சங்கிலியும் அடகுக்குப் போயின.

இரண்டாம் மாதத்திலேயே மூத்த மாணவர்கள் பேசியதைக் கேட்டு மகன் வெளியேற நினைத்தான். சேர்க்கையின்போது வாங்கிவைத்த அசல் சான்றிதழ்களைக் கேட்டோம். இரண்டாண்டுக் கட்டணத்தையும் கட்டினால்தான் தருவோம் என்றார்கள். பயந்துபோய் அவனைத் திரும்ப வகுப்புக்கே அனுப்பினேன். அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2018-லேயே அறிவித்திருந்தது, ஏ.ஐ.சி.டி.இ. விதியும் அதுவே. வகுப்பு தொடங்குமுன் விலகினால் ஆயிரம் ரூபாய்க்கு மேல் பிடிக்காமல் முழுக் கட்டணத்தையும் திருப்பித் தரவேண்டும் என்பதும் விதி. இதெல்லாம் எனக்குத் தெரிந்தபோது அவன் இரண்டாம் ஆண்டில் இருந்தான்.

வேலை கிடைத்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். வகுப்பில் அறுபது பேர், வளாகத் தேர்வில் ஆணை பெற்றவர்கள் நாற்பத்தொரு பேர். என் மகனுக்கு வந்த ஆணையில் ஆண்டுக்கு ஆறு லட்சம் என்றுதான் இருந்தது. நானும் ஊரெல்லாம் இனிப்புக் கொடுத்தேன். அதில் மூன்று லட்சம் ‘செயல்திறன் ஊக்கத்தொகை’, இலக்கை எட்டினால்தான் வரும். இன்றுவரை ஒரு மாதமும் வரவில்லை. மீதி மூன்று லட்சம் மாதம் 25,000. அதில் நிறுவனம் கட்டும் வருங்கால வைப்புநிதி 1,800-ம் பணிக்கொடைக்கான 721-ம் சம்பளக் கணக்குக்குள்ளேயே அடக்கம். அவன் பங்கு வைப்புநிதி இன்னொரு 1,800. காப்பீடு, தொழில்வரி போக வங்கிக்கு வருவது ஏறத்தாழ 20,300. தவணை 12,700 போனால் மிச்சம் 7,600. கோவையில் விடுதி அறையும் சாப்பாடும் 6,500. வேலையோ வெயிலில் வண்டியில் சுற்றி வீட்டுக்கடனுக்கு ஆள் பிடிப்பது. பெட்ரோலுக்கு மாதாமாதம் நான்தான் அனுப்புகிறேன். அவனோடு பி.காம். படித்த பையன் நேராக அதே தொழிலுக்குப் போய், அந்த இரண்டாண்டும் சம்பளம் வாங்கி, இப்போது 19,500 வாங்குகிறான். கடன் ஒரு பைசா இல்லை. என் மகனுடைய குழுத் தலைவரும் பி.காம்.தான்.

அப்படியானால் 6.8 லட்சம் சராசரி என்பது? என் அஞ்சலகக் கணக்குகளையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான பாஸ்புக்குகளில் குறைந்தபட்ச இருப்பான 500-ம் அதற்குமேல் கொஞ்சமும்தான் கிடக்கும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மட்டும் ஒன்பது லட்சம் வைத்திருக்கிறார். சராசரி போட்டால் எங்கள் ஊரே வசதியான ஊர். கல்லூரி செய்ததும் அதுதான். வேலை கிடைக்காத பத்தொன்பது பேரைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை, வராத ஊக்கத்தொகையைச் சேர்த்துக்கொண்டது. அந்தப் பதினான்கு லட்சக்காரர் ஏற்கெனவே நான்காண்டு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டுப் படிக்க வந்தவராம்.

பார்க்க வேண்டிய எண், எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் சம்பளம். ஆங்கிலத்தில் மீடியன் என்பார்கள். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, மீடியன் சம்பளம் எவ்வளவு என்று எழுதிக்கொடுக்க வேண்டும். அதைத் தங்கள் இணையதளத்திலும் போட வேண்டும். மகன் படிப்பை முடித்தபிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கல்லூரியின் தளத்தைத் துழாவினேன். ஒரு மூலையில் அந்தக் கோப்பு இருந்தது. மீடியன் 2.8 லட்சம். அவர்கள் கையாலேயே அரசுக்கு எழுதிக்கொடுத்த எண் அது. எனக்குக் கொடுத்த தாளில் 6.8.

எம்.பி.ஏ. வீண் படிப்பு என்று நான் சொல்ல வரவில்லை. ஐ.ஐ.எம்.கள் சிலவற்றில் வேலைவாய்ப்பு அறிக்கையைத் தணிக்கை செய்தே வெளியிடுகிறார்கள். கலந்தாய்வு வழியே போகும் அரசு இடங்களில் கட்டணம் குறைவு, அங்கே சம்பளம் சுமாராக இருந்தாலும் கழுத்தை நெரிக்காது. என் வீட்டு அளவுகோலைச் சொல்கிறேன், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள்: வட்டி சேர்ந்து தவணை தொடங்கும் நாளில் நிற்கும் மொத்தக் கடன், அந்தக் கல்லூரியின் மீடியன் சம்பளத்தில் ஓராண்டுத் தொகையைத் தாண்டினால் நான் கையெழுத்துப் போடமாட்டேன். எங்களுடையது மூன்று மடங்குக்கும் மேல். பெற்றோரும் கூட்டுக் கடனாளி என்பதால் தவணை தவறினால் என் பெயரும் சேர்ந்தே கெடும்.

ஊட்டியில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்தோம். கல்லூரிகள் தரும் கல்வி நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020-ல் கூறிவிட்டதால் கல்லூரிமீது அந்த வழியில் போவது கடினம் என்றார். தனியாகக் கட்டணம் வாங்கிய ஆலோசகர்மீது மனுப் போடலாமாம். நல்லவேளையாக 15,000-க்கு ரசீது வைத்திருக்கிறேன், அந்தத் தாளும் இருக்கிறது.

போன வாரம் மேல் ஹட்டியிலிருந்து ஒரு அக்கா ஆர்.டி. கட்ட வந்தார். பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, மடித்து வைத்திருந்த துண்டறிக்கையை எடுத்து, ‘பொண்ணுக்கு இந்தக் காலேஜ் நல்லா இருக்குமான்னு பாருங்க’ என்று நீட்டினார். அதே வழவழப்பான தாள். கோட்டுப் போட்டுக்கொண்டு என் மகன் சிரித்துக்கொண்டிருந்தான். படத்துக்குக் கீழே ‘ஆண்டுக்கு 6 லட்சம்’ என்று இருந்தது. முத்திரையைக் கீழே வைத்துவிட்டு, அவரை உள்ளே வந்து உட்காரச் சொன்னேன்.