மேற்கை எலும்பு முறிவு: பிரேஸா, பிளேட்டா, ஆணியா?

தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே இருப்பது ஒரே எலும்பு, ஹியூமரஸ். அதன் நடுத்தண்டு முறிந்து எக்ஸ்ரே கைக்கு வந்ததும் வீட்டில் எழும் கேள்வி, "ஆபரேஷன் பண்ணணுமா, கட்டுப் போட்டாலே கூடிடுமா?" என்பதுதான். தொடை எலும்புக்குச் சொல்லும் "ஆபரேஷன்தான்" என்ற பதில் இதற்குச் செல்லாது. ஹியூமரஸ் உடல் எடையைத் தாங்குவதில்லை. சுற்றிலும் தடித்த தசை இருக்கிறது, மேலே எந்தப் பக்கமும் சுழலும் தோள்மூட்டு இருக்கிறது. அதனால் கொஞ்சம் கோணலாகக் கூடினாலும் கை வேலை செய்யும். முன்பின்னாக 20 டிகிரி, பக்கவாட்டில் 30 டிகிரி, நீளத்தில் 3 செ.மீ. குறைவு வரை பரவாயில்லை என்று 1966-ல் எலும்பு மருத்துவர் கிளெனர்மேன் வகுத்த எல்லைகளைத்தான் மருத்துவர்கள் இன்றும் சொல்கிறார்கள். ஒல்லியான கையில் அந்த வளைவு கண்ணுக்குத் தெரியும், அது வேறு விஷயம்.

தோள்மூட்டை ஒட்டிய முறிவுக்கும் முழங்கை மூட்டுக்குள் இறங்கிய முறிவுக்கும் கணக்கே வேறு. இங்கே நடுத்தண்டு மட்டும்.

முதலில் பிரேஸ். அடிபட்ட அன்றே அதைப் போட மாட்டார்கள். அக்குளில் தொடங்கி, முழங்கையைச் சுற்றி, தோள்பட்டை மேல்வரை யூ வடிவ மாவுக்கட்டு போடுவார்கள். ஒன்றிரண்டு வாரத்தில் வீக்கம் வடிந்ததும் அதைக் கழற்றிவிட்டு, வெல்க்ரோ பட்டையுள்ள இரண்டு பிளாஸ்டிக் ஓடுகளை மாட்டுவார்கள். எலும்பு மருத்துவர் சார்மியான்டோ 1977-ல் விவரித்த முறை இது. ஓடுகள் தசையைச் சுற்றி இறுக்க, தசை எலும்பைப் பிடித்துக்கொள்ளும். தொங்கும் கையின் எடை முறிவைக் கீழே இழுத்து நேராக்கும்.

பெரும்பாலும் கோட்டை விடுவது இந்த இரண்டாவது விஷயத்தில்தான். முழங்கையை நாற்காலிக் கைப்பிடியிலோ மடியில் வைத்த தலையணையிலோ ஊன்றினால் இழுப்பு போய்விடும், முறிந்த இடம் வெளிப்பக்கம் பிதுங்கி வளையும். ஸ்லிங்கை முழங்கையோடு தூக்கிக் கட்டினாலும் இதே கதிதான். மணிக்கட்டை மட்டும் தாங்கினால் போதும். முதல் சில வாரம் முதுகுக்குத் தலையணை அடுக்கிச் சாய்ந்தபடியே தூங்க வேண்டும். வீக்கம் குறையக் குறையப் பட்டை தளரும், தினமும் இறுக்க வேண்டும். வியர்வையில் அக்குள் புண்ணாகாமல் இருக்க உள்ளே பருத்தி உறை போட்டு அடிக்கடி மாற்ற வேண்டும். விரலும் மணிக்கட்டும் முதல் நாளிலிருந்தே அசைய வேண்டும். பிரேஸ் வந்ததும் முழங்கையை மடக்கி நீட்டுவது, குனிந்து கையை ஊஞ்சல்போல ஆட்டுவது. கையைப் பக்கவாட்டில் தூக்குவது மட்டும் எலும்பு கூடும்வரை கூடாது.

பலன் எப்படி? சார்மியான்டோ குழு 2000-ல் வெளியிட்ட கணக்கில், தோல் கிழியாத முறிவுகளில் கூடாமல் போனவை 2 சதவீதத்துக்கும் கீழே. அதைப் படிக்கும்போது இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: பிரேஸ் போட்ட 922 பேரில் கடைசிவரை பின்தொடர முடிந்தது 620 பேரை மட்டுமே. 2020-ல் வந்த பின்லாந்து ஆய்வு 82 பேரைக் குலுக்கல் முறையில் பிரேஸ், பிளேட் என்று பிரித்தது. ஓர் ஆண்டு முடிவில் கையின் செயல்பாட்டில் சொல்லிக்கொள்ளும் வித்தியாசம் இல்லை. ஆனால் பிரேஸ் போட்டவர்களில் சுமார் 30 சதவீதம் பேருக்குப் பிறகு ஆபரேஷன் தேவைப்பட்டது. இரண்டாம் ஆண்டிலும் அப்படித் தாமதமாக ஆபரேஷனுக்குப் போனவர்களின் கைதான் பின்தங்கியிருந்தது.

ஆகவே பிரேஸைத் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் காலண்டரில் ஆறாவது வாரத்தைக் குறித்துக்கொண்டு. அன்று மருத்துவர் பிடித்துப் பார்க்கையில் முறிவு இன்னும் லொடலொடவென்று ஆடி, எக்ஸ்ரேயிலும் புது எலும்பு படியாமல் இருந்தால், "இன்னும் மூணு மாசம் பார்ப்போம்" என்பதில் லாபமில்லை. புகைப்பவர்கள், மிகவும் பருமனானவர்கள், முறிவு முனைகளுக்கு நடுவே இடைவெளி விழுந்தவர்கள் ஆபரேஷன் பேச்சை முதல் நாளே தொடங்கிவிடலாம்.

அடுத்து பிளேட், அதாவது முறிவின் மேல் வைத்து ஸ்க்ரூவால் முடுக்கும் உலோகத் தகடு. வழக்கமாக 4.5 மி.மீ. ஸ்க்ரூ ஏற்கும் வகை, முறிவுக்கு மேலும் கீழும் தலா மூன்று நான்கு ஸ்க்ரூ. எலும்பு நேராக அமரும், ஒன்றிரண்டு நாளில் முழங்கையை அசைக்கலாம், பிரேஸ் தொல்லை இல்லை. அதற்குக் கொடுக்கும் விலை: நீளமான தழும்பு, கிருமித் தொற்று வாய்ப்பு, எல்லாவற்றுக்கும் மேலாக, மணிக்கட்டையும் விரல்களையும் நிமிர்த்தும் ரேடியல் நரம்புக்கு ஆபத்து. எலும்பின் பின்புறம் ஒட்டிச் சுற்றிவரும் அந்த நரம்பைத் தேடிப் பிரித்து ஒதுக்கிய பிறகே பின்பக்கம் பிளேட் வைக்க முடியும். பிளேட் குட்டையாக இருந்தாலோ, முனைகளை நெருக்காமல் இடைவெளி விட்டு ஸ்க்ரூ போட்டாலோ, கூடாத எலும்பின் அசைவு முழுவதையும் உலோகம் தாங்கி ஒருநாள் உடையும். கூடிய பிறகு தொந்தரவு இல்லாத பிளேட்டைக் கழற்ற அவசரப்பட வேண்டாம். தழும்புக்குள் சிக்கிய நரம்பை இரண்டாம் முறை பிரிப்பது முதல் முறையைவிடக் கடினம்.

ஆணி என்பது எலும்பின் உட்குழலுக்குள் நீளவாக்கில் செருகும் உலோகக் கம்பி. அதற்கு வெட்டு சிறியது. ஆனால் வழக்கமாக அது தோளைத் தூக்கும் தசைநாரைத் துளைத்துத்தான் உள்ளே போகிறது. பிளேட்டைவிட ஆணியில் தோள்வலி அதிகம் வருவது அதனால்தான். ஹியூமரஸின் உட்குழல் கீழே போகப் போகக் குறுகும். அங்கே ஆணியைத் தட்டி இறக்கினால் முறிவு விரிந்துவிடலாம். புற்றுநோய் பரவிய எலும்புக்கும், ஒரே எலும்பு இரண்டு இடத்தில் முறிந்ததற்கும் ஆணி நல்ல தேர்வு. மற்றபடி பிளேட்டே மேல்.

எலும்பு வெளியே தெரியும் காயம், ரத்தக்குழாய் அறுந்தது, அதே கையில் முன்கை எலும்பும் முறிந்தது, இரு கையும் முறிந்தது: இவற்றில் பிரேஸ் போட்டிக்கே வராது.

நாட்டு வைத்தியர் போடும் கட்டு பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் அங்கேதான் முதலில் போகிறார்கள். விலகாத முறிவு மூங்கில் பத்தையிலும் கூடலாம். ஆபத்து முதல் சில நாட்களில்: வீக்கம் ஏறும் நேரத்தில் சுற்றிலும் இறுகிய கட்டு ரத்த ஓட்டத்தை நிறுத்தும். விரலை நீட்டிவிட்டால் உயிர் போகிற வலி, மரத்துப்போதல், விரல் வெளுத்தல் எதைக் கண்டாலும் விடியும்வரை காத்திராமல் கட்டை அறுத்துவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். எண்ணெய் போட்டு உருவுவது எந்த முறிவுக்கும் வேண்டாம்.

மணிக்கட்டைத் தூக்க முடியாமல் கை தொங்கினால் ரேடியல் நரம்பு அடிபட்டிருக்கிறது. நடுத்தண்டு முறிவில் ஏறக்குறைய எட்டில் ஒருவருக்கு இது வரும். தோல் கிழியாத முறிவில் இதை மட்டும் காரணம் காட்டி ஆபரேஷன் செய்யத் தேவையில்லை, பெரும்பாலும் தானே திரும்பும். அதுவரை மணிக்கட்டை நிமிர்த்திப் பிடிக்கும் ஸ்ப்ளின்ட் போட்டு, விரல்களை மற்றக் கையால் தினமும் நீட்டிவிட வேண்டும். மூன்று நான்கு மாதத்தில் அறிகுறியே இல்லையென்றால்தான் நரம்பைத் திறந்து பார்ப்பார்கள். திரும்பும்போது மணிக்கட்டுதான் முதலில் நிமிரும்; விரல்களும் கட்டைவிரலும் அதற்குப் பிறகுதான் வரும்.