வால்பாறைக்கு மெதுவாகப் போக ஒரு வேகமான கார்

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பாலக்காடு மாவட்டம், ரேஷன் கார்டு மலையாளத்தில், வீட்டில் பேச்சு தமிழில். கொஞ்ச நேரம் கிழக்கே ஓட்டினால் வேலந்தாவளம் தாண்டித் தமிழ்நாடு, தெற்கே போனால் நெல்லியாம்பதி மலை, பொள்ளாச்சி வழியாகப் போனால் ஆழியாறும் வால்பாறையும். ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்குக் கிளம்பி, எங்காவது மலைமேல் டீ குடித்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பி வருவதுதான் எனக்கு டூரிங். ரேஸ் ஆசை கிடையாது. ஆனால் வளைவில் கார் என்ன செய்கிறது என்று கைக்குத் தெரிய வேண்டும், அந்த ஆசை மட்டும் உண்டு.

அதற்கு லைட்வெயிட் ஸ்போர்ட்ஸ் கார்தான் சரி. உலகம் பூராவும் இதற்குச் சொல்கிற பெயர்கள் மாஸ்டா எம்எக்ஸ்-5, லோட்டஸ் எலிஸ். 1989இல் வந்த முதல் எம்எக்ஸ்-5 ஒரு டன்னுக்கும் குறைவு, 1996இல் வந்த எலிஸ் 725 கிலோ அளவுதான். இரண்டுமே கம்பெனி மூலமாக இங்கே விற்பனைக்கு வந்ததில்லை. அப்புறம் என்ன செய்வது, நமக்குக் கிடைக்கிறதில் எடை குறைந்ததைத் தேட வேண்டியதுதான். தேடி நான் போய் நின்றது பலேனோ ஆர்எஸ்ஸில்.

மாருதி இதை 2017 மார்ச்சில் நெக்ஸா ஷோரூம்களில் இறக்கி, பிஎஸ்6 என்கிற புகை விதி வந்த 2020இல் நிறுத்திவிட்டது. 998 சிசி, மூன்று சிலிண்டர், டர்போ பெட்ரோல், 102 பிஎஸ் சக்தி, 150 என்எம் டார்க் (இழுவிசை), ஐந்து கியர், பின்னாலும் டிஸ்க் பிரேக், எடை 950 கிலோ. இது ஸ்போர்ட்ஸ் காரா என்று கேட்டால் நான் கொஞ்சம் மழுப்பத்தான் வேண்டும். முன் சக்கரம்தான் இழுக்கிறது, கதவு நான்கு இருக்கிறது, பின் சீட்டில் அம்மா வசதியாக உட்காருகிறார். ஆனால் எடையைப் பாருங்கள், அந்தப் பழைய எம்எக்ஸ்-5க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. எனக்கு அது போதும்.

நான் வாங்கியது செகண்ட் ஹேண்ட். முன்னால் வைத்திருந்த பையன் ஆசையாக எல்லாம் செய்திருந்தான்: 17 இன்ச் வீல், அதில் 205/45 டயர், காரை 40 மில்லிமீட்டர் தாழ இறக்கும் ஸ்பிரிங், ஊரைக் கூட்டும் சைலன்சர், டிக்கியில் ஒரு வூஃபர் பெட்டி, அதற்கு ஓர் ஆம்ப். பார்க்க அம்சமாகத்தான் இருந்தது, நானும் அதில் மயங்கித்தான் வாங்கினேன். என் மனைவி மட்டும் முதல் நாளே, "ஏனுங்க, இதில உக்காந்தா ரோட்டுல இருக்கற எறும்பு கண்ணுக்குத் தெரியுதுங்க" என்றாள்.

முதல் ட்ரிப் நெல்லியாம்பதி. நென்மாறை வரைக்கும் சமாளித்துவிட்டேன். போத்துண்டி டேம் தாண்டிக் காட்டுக்குள் ஏற ஆரம்பித்ததும், ஆடி மழை அரித்துப்போட்ட ஒரு குழி, அதன்மேல் விழுந்து கிடந்த மூங்கில் இலையில் எனக்குத் தெரியவேயில்லை. டம் என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் ரிம் ஓரம் உள்பக்கமாக மடங்கியிருக்கிறது, டயர் பக்கவாட்டில் கோழிமுட்டை அளவுக்கு ஒரு வீக்கம். நல்லவேளை காற்று இறங்கவில்லை. இருந்தாலும் அந்த முட்டையோடு மலை ஏற மனசு வரவில்லை, ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு அப்படியே திரும்பினேன்.

அதற்கு அடுத்த கூத்து அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நேராகப் பார்க்கிற மாதிரி சரிசெய்கிற வேலை. கோவையில் ஒரு பெரிய கடை, பெயர் வேண்டாம், கண்ணாடி போட்ட ஏசி ரூமில் காபி எல்லாம் கொடுத்தார்கள். ரிம்மைத் தட்டி நிமிர்த்தினார்கள், கம்ப்யூட்டரில் அலைன்மென்ட் பார்த்து எல்லாக் கட்டமும் பச்சையாக இருந்த ஒரு தாளைக் கையில் கொடுத்தார்கள். வாளையார் வருவதற்குள் தெரிந்துவிட்டது. ஸ்டீயரிங் நேராக இருந்தால் கார் இடதுபக்கம் போகிறது, கார் நேராகப் போனால் ஸ்டீயரிங் வலதுபக்கம் சாய்ந்திருக்கிறது. தாள் மட்டும் பச்சையாகவே இருந்தது.

கடைசியில் எங்கள் ஊரிலேயே, தென்னந்தோப்பு ஓரத்தில் ஷெட் போட்டிருக்கும் ஒரு மெக்கானிக் அண்ணனிடம் போனேன். அவர் காரைச் சுற்றி ஒரு முறை நடந்தார், முன் மட்கார்டில் கை வைத்து அமுக்கினார், கார் அசையவில்லை. "இந்த ஸ்பிரிங்கப் போட்டவன் மலை ஏறியிருக்க மாட்டானுங்க, கோயமுத்தூர் மால் வாசல்ல நிறுத்தறதுக்குப் போட்டிருக்கான்" என்றார். சக்கரத்தைக் கழற்றிக் காட்டியபோதுதான் எனக்குப் புரிந்தது. ஷாக் அப்சார்பர் மேலும் கீழும் போய்வரக் கொஞ்சம் இடம் வேண்டும். கம்பெனி 170 மில்லிமீட்டர் கிரவுண்ட் கிளியரன்ஸ் வைத்து அந்த இடத்தைக் கொடுத்திருக்கிறது. ஸ்பிரிங்கை இறக்கும்போது அந்த இடத்தில் பெரும்பகுதியை முதலிலேயே சாப்பிட்டுவிடுகிறோம். சின்னக் குழி வந்தாலும் பம்ப் ஸ்டாப் என்கிற அந்த ரப்பர் கட்டையில் போய் இடிக்கிறது. அப்போது ஸ்பிரிங் என்று ஒன்று இல்லாத மாதிரிதான். வளைவின் நடுவில் அப்படி இடித்தால் சக்கரம் ஒரு கணம் தரையை விடுகிறது, கார் அரை அடி வெளியே நழுவுகிறது. ஸ்பிரிங் இறக்கினால் பிடிப்பு கூடும் என்பார்கள். பளிங்கு மாதிரி ரேஸ் ட்ராக்கில் கூடலாம், நெல்லியாம்பதியில் கூடாது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. எங்கள் மாநிலத்தில் மோட்டார் வாகனத் துறை இந்த மாதிரி வண்டிகளை விடுவதில்லை. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில்தான் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று சொன்னது. எனக்கு அதில் வருத்தமில்லை, கழற்றுவதற்கு ஒரு சாக்குக் கிடைத்தது.

ஆக, எல்லாவற்றையும் கழற்றினோம். கம்பெனி ஸ்பிரிங், நாலு பக்கமும் புது ஷாக் அப்சார்பர், மேலே உட்காரும் மவுன்ட் ரப்பரும் சேர்த்து. பழைய ஷாக்கில் இரண்டு எண்ணெய் கசிந்திருந்தது. சைலன்சர் பழையபடி கம்பெனி சைலன்சர். இதன் அருமை நீண்ட பயணத்தில்தான் தெரியும். முன்னால் எண்பதில் போகும்போது மண்டைக்குள் வண்டு ஒன்று ரீங்காரம் போட்டுக்கொண்டே வரும், வீட்டுக்கு வந்து படுத்தாலும் காதில் கேட்கும்.

அப்புறம் டயர். செலவு செய்கிற காசு முழுவதையும் ஒரே இடத்தில் கொட்டு என்று யாராவது சொன்னால் நான் டயரில்தான் கொட்டுவேன். கம்பெனி அளவான 195/55 ஆர்16க்கே திரும்பினேன், மிச்செலின் பிரைமசி 4எஸ்டி. முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது அந்த அகலத்தில் பக்கவாட்டு உயரம் எத்தனை சதவீதம் என்பது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 205/45 டயரின் பக்கவாட்டு உயரம் 92 மில்லிமீட்டர், 195/55இல் 107. ஒன்றரை சென்டிமீட்டர்தான் வித்தியாசம், ஆனால் அந்த ஒன்றரை சென்டிமீட்டர் ரப்பரும் காற்றும் தான் குழிக்கும் ரிம்முக்கும் நடுவில் நிற்கிறது. ஸ்போர்ட்ஸ் டயர் போடலாமே என்று நண்பன் கேட்டான். சூடேறினால்தான் பிடிக்கிற டயர், காலை ஆறு மணிக்குப் பனி ஈரத்தில் மலை ஏறுகிறவனுக்கு எதற்கு? இது சத்தம் போடாது, ஈரத்தில் நம்பலாம். வளைவில் திருப்பினதும் ஒரு சின்ன நெளிவு தெரியும், அப்புறம் பிடித்துக்கொள்ளும். அந்த நெளிவு முதல் வாரம் எரிச்சலாக இருந்தது, இப்போது அதுதான் எனக்குச் செய்தி சொல்கிறது. காற்று மட்டும் கதவோரத்து ஸ்டிக்கரில் உள்ளபடி, டயர் குளிர்ந்திருக்கும்போது பிடிக்க வேண்டும். பங்க்காரர் கணக்குக்கு விட்டால் எந்த வண்டிக்கும் 35 பிஎஸ்ஐ தான்.

எடை பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் பக்கம் தேங்காய் லாரிகள் நிற்கும் எடை மேடை ஒன்று இருக்கிறது. வாங்கிய புதிதில் டேங்க் நிறைய பெட்ரோலோடு அதில் ஏற்றிப் பார்த்தேன்: 1,020 கிலோ. எடை போடுகிறவர், "தேங்கா எங்கீங்க?" என்று எட்டிப் பார்த்தார். வூஃபர் பெட்டி, ஆம்ப், கனமான வீல், டிக்கியில் சேர்ந்திருந்த ஜாக்கி இரண்டு, ஒரு பழைய பேட்டரி, எல்லாம் போன பிறகு அதே மேடையில் 960. அறுபது கிலோ, அதாவது ஓர் ஆளை இறக்கிவிட்டாயிற்று. எஞ்சினைத் தொடாமலேயே ஏற்றத்தில் வித்தியாசம் தெரிகிறது.

எஞ்சினைப் பற்றி ஒரே பேச்சு: ரீமேப், அதாவது எஞ்சின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றிச் சக்தியைக் கூட்டுவது, செய்யவில்லை. வெளிநாட்டில் இதே எஞ்சின் 111 பிஎஸ், இங்கே குறைத்து விற்றார்கள் என்பது உண்மை. ஆனால் 1,700 ஆர்பிஎம்மிலிருந்தே 150 என்எம் வருகிறது, மூன்றாம் கியரிலேயே பாதி மலை ஏறிவிடலாம், இதற்குமேல் எனக்கு எதற்கு?

அலைன்மென்டை இந்த முறை அந்த மெக்கானிக் அண்ணன் தனக்குத் தெரிந்த ஒரு சின்னக் கடைக்கு என்னோடு வந்து, பக்கத்தில் நின்று செய்ய வைத்தார். முதலில் எல்லா ரிம்மையும் சுற்றிவிட்டு ஆட்டம் பார்த்தார்கள். அப்புறம் என்னை டிரைவர் சீட்டில் உட்கார வைத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பூட்டிவிட்டுத்தான் அளந்தார்கள். இந்தக் காரில் முன்னால் டோ மட்டும்தான் திருத்த முடியும். அதில் மிகக் கொஞ்சமாக டோ-இன், அதாவது இரண்டு சக்கரமும் ஒரு நூலளவு உள்பக்கம் பார்க்கிற மாதிரி வைத்தார்கள். இது எங்களுக்கு ஏன் முக்கியம் என்றால், பாலக்காட்டுக் கணவாயில் ஆனியிலிருந்து ஆடி முடியும்வரை அடிக்கிற காற்று அப்படி. எடை குறைந்த காரை அது பக்கவாட்டில் தள்ளும். முன்பெல்லாம் பொள்ளாச்சி ரோட்டில் ஸ்டீயரிங்கைத் திருத்திக்கொண்டே போவேன், இப்போது இரண்டு விரல் போதும்.

பிரேக்கில் பேட் மாற்றியதைவிட முக்கியம் பிரேக் ஆயிலை மாற்றியது. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரிக்குக் கீழே கொதிக்காது. ஈரத்தை உறிஞ்சிப் பழசானால் 155க்கே கொதிக்கலாம். எங்கள் மழையில் இது சீக்கிரம் நடக்கும். ஒரு லிட்டர் எஞ்சின் இறக்கத்தில் அவ்வளவாக இழுத்துப் பிடிக்காது, இரண்டாம் கியரில் இறங்கினாலும் பிரேக் தொட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

எல்லாம் முடிந்து போன மாதம் வால்பாறை. மனைவி ஒரு தூக்குப் போசியில் மோர் கொண்டுவந்து காலடியில் வைத்துக்கொண்டாள். பழைய ஸ்பிரிங்கில் இதே போசி பொள்ளாச்சிக்குள்ளேயே மேட் முழுக்கக் கொட்டியிருக்கிறது. ஆழியாறு செக்போஸ்ட் தாண்டி நாற்பது கொண்டை ஊசி வளைவு. அவசரமே படவில்லை. பஸ்ஸுக்கு ஒதுங்கி, ஹாரன் அடித்து, இரண்டாம் கியரில் திருப்பி மூன்றில் ஏறி. ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூவில் நிறுத்தியபோது சுவரோரம் இரண்டு வரையாடு எங்களைச் சட்டையே செய்யாமல் மேய்ந்துகொண்டிருந்தது. மனைவி போசியைத் திறந்து பார்த்தாள். மூடியின் உள்பக்கம் மட்டும் நனைந்திருந்தது. அங்கேயே ஆளுக்கு ஒரு டம்ளர் குடித்தோம்.

குறை இல்லையா என்றால் உண்டு. தனியாக ஓட்டும்போது பின்பக்கம் இலேசாக இருப்பதால் வேகத்தடையில் ஒரு துள்ளல் துள்ளும். 37 லிட்டர் டேங்க், மலைப்பயணத்தில் பங்க்கைக் கண்டால் நிரப்பிவிடுவது நல்லது. ஆர்எஸ்ஸுக்கு மட்டும் உரிய சில பாகங்களுக்கு ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டும் என்றார் மெக்கானிக் அண்ணன், எனக்கு இன்னும் அந்தத் தேவை வரவில்லை. மொத்தச் செலவில் பாதிக்குமேல் டயரும் ஷாக் அப்சார்பரும். வூஃபரை விற்றதில் பிரேக் வேலைக்கான காசு வந்துவிட்டது.

அந்த 17 இன்ச் வீல்கள் இன்னும் மாட்டுக்கொட்டகையில்தான் கிடக்கின்றன. மூன்று நல்லது, ஒன்று தட்டி நிமிர்த்தியது, அதை மறைத்து விற்க மாட்டேன். மால் வாசலில் நிறுத்துகிற ஆசை உள்ளவர் யாராவது இருந்தால் வந்து பார்த்துவிட்டு விலை பேசலாம். நாலையும் எடுத்துக்கொண்டால் அந்த ஸ்பிரிங் இனாம்.