வீடு விற்க மதிப்பீட்டு அறிக்கை எடுக்கலாமா? மட்டக்களப்பு நிலவரப்படி

வீடு விற்குமுன் மதிப்பீட்டாளரிடம் அறிக்கை எடுக்கலாம், காசு வீண்போகாது. ஆனால் கடைசிப் பக்கத்துத் தொகையை அப்படியே விளம்பரத்தில் போட்டால் வீடு விலைப்படாமல் கிடக்கும். அறிக்கையில் உருப்படியான பகுதி நடுவில் வருகிற கணக்குத்தான்.

கணக்கு விளங்குவதற்காக ஒரு எடுகோள் (சந்தை விலை என்று எடுக்கவேண்டாம்): நாவற்குடாவில் 15 பேர்ச் (ஒரு பேர்ச் 272.25 சதுர அடி) வளவு, 1,400 சதுர அடி வீடு. பேர்ச் 4 லட்சம் ரூபாப்படி காணி 60 லட்சம். இன்று அதே வீட்டைக் கட்ட சதுர அடிக்கு 9,000 என்றால் 126 லட்சம். பழமைக்கு 25 வீதம் கழித்தால் 94.5 லட்சம். மதில், கிணறு, கேற் 5.5 லட்சம். மொத்தம் 160 லட்சம்.

பிழைக்கிற முதல் இடம் பேர்ச் எண்ணிக்கை. பழைய உறுதிகளில் எல்லையை "கிழக்கு இன்னார் வளவு" என்றுதான் எழுதியிருப்பார்கள். புதிதாக அளந்தால் வேலி உள்ளே தள்ளியிருக்கும், வீதிக்குக் கொஞ்சம் போயிருக்கும். 15 என்றது 14.2 ஆனால் இந்தக் கணக்கில் 3.2 லட்சம் போய்விடும். ஆகவே நில அளவைப் பிளான் முதலில், மதிப்பீடு பிறகு.

அடுத்தது ஒழுங்கை. பிரதான வீதி முகப்புக்குரிய பேர்ச் விலையை டிப்பர் நுழையாத 10 அடி ஒழுங்கைக்குப் போட்டிருந்தால் மதிப்பீட்டாளரிடம் காரணம் கேளுங்கள். கொங்கிரீட் வீதி உயர்ந்து வளவு பள்ளமாகிப்போன இடங்களில் மார்கழி மழைத்தண்ணீர் முற்றத்தில் நிற்கும். வாங்க வருகிறவர் சுவரில் தண்ணீர்க் கோட்டைப் பார்த்த உடனேயே கிறவல் எத்தனை லோட் என்று மனதுக்குள் கணக்குப் போடுவார். கல்லடிக் கடற்பக்கத்தில் உப்புக்காற்றால் ஜன்னல் மேல்தட்டின் கம்பி துருப்பிடித்துப் பூச்சு கழன்றிருக்கும். பழமைக் கழிவு 25 வீதம் அங்கே போதாது. கடலோர வலயமான 300 மீற்றருக்குள் என்றால் புதிதாகக் கட்ட அனுமதி எடுக்கவேண்டும் என்பதும் விலையில் தெரியவேண்டும். புது டைல்ஸுக்கும் பான்ட்ரி கபேட்டுக்கும் செலவழித்தது முழுதாகத் திரும்பாது. சொன்னால் வீட்டுக்காரருக்குக் கோபம்தான் வரும்.

பலர் வாசிக்காமல் விடுகிற வரி "கட்டாய விற்பனைப் பெறுமதி", அதாவது அவசரமாக விற்கவேண்டி வந்தால் கிடைக்கக்கூடிய தொகை. பல வங்கிகள் கடன் கொடுப்பது அதை வைத்துத்தான். 160 லட்சத்துக்கு அது 20 வீதம் குறைந்து 128 லட்சம், அதில் 75 வீதம் கடன் என்று வைத்தால் 96 லட்சம். மீதி 64 லட்சம் வாங்குகிறவரின் கையில் இருக்கவேண்டும். அதோடு அவர் கட்டவேண்டிய முத்திரை வரி, விலையில் முதல் 1 லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம்: 6 லட்சத்து 39 ஆயிரம். நொத்தாரிசுக் கூலி வேறு. மகளுக்குச் சீதன வீடு தேடுகிற ஆசிரியக் குடும்பத்துக்கும் வெளிநாட்டுக் காசில் வாங்குகிறவருக்கும் இந்த 64 லட்சம் ஒன்றல்ல. யார் வாங்குவார் என்று பார்த்துத்தான் விலை சொல்லவேண்டும்.

பெர்மிட் காணி (அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்தது) என்றால் உறுதிக்காணியின் பேர்ச் விலையோடு ஒப்பிடவே வேண்டாம். பெர்மிட்டுக்குப் பிறகு அரசாங்கம் கொடுக்கிற அளிப்புப் பத்திரம் என்றாலும் கைமாற்றப் பிரதேச செயலகத்தின் சம்மதம் வேண்டும்.

இலவச வழிகளும் உண்டு. இக்மன் விளம்பர இணையத்தளத்தில் அயல் வீடுகளைப் பார்க்கலாம், ஆனால் அங்கே இருப்பது கேட்கிற விலை, முடிந்த விலை அல்ல. ஆறு மாதமாக நிற்கிற விளம்பரம் "இந்த விலைக்குப் போகாது" என்பதற்குத்தான் சாட்சி. 150 லட்சம் வரை என்று தேடுகிறவருக்கு 152 தெரியாது, 149.5 தெரியும். தரகருக்கு உண்மையில் முடிந்த விலைகள் தெரியும், அது மதிப்பீட்டாளரிடம்கூட இல்லாத பலம். அவர் "உங்கட கையில எவ்வளவு வேணும்?" என்று கேட்டால் மட்டும் கவனம். நீங்கள் சொன்ன தொகைக்கு மேலே வைக்கிறது அவருக்கு என்று பேச்சு. உங்கள் வீட்டுக்கு ஊரில் என்ன விலை சொல்லப்படுகிறது என்பது உங்களுக்கே தெரியாமல் போகும். தரகுக்கூலியை வீதமாகப் பேசி முடியுங்கள்.

மாநகரசபைக்குக் கட்டுகிற சோலை வரிப் பத்திரத்திலுள்ள ஆண்டுப் பெறுமதியைக் காட்டி விலை பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

மதிப்பீட்டாளரைப் பிடிக்குமுன் இரண்டு கேள்வி: எந்த வங்கி ஏற்கிற மதிப்பீட்டாளர் பட்டியலில் இருக்கிறார்? ஒப்பீட்டுக்கு எடுத்த வீடுகள் எந்த வீதி, எந்த மாதம் கைமாறியவை? முதலாவது ஏனென்றால், வாங்குகிறவரின் வங்கி பெரும்பாலும் உங்கள் அறிக்கையை ஏற்காது, தன் பட்டியலிலுள்ள ஒருவரைத்தான் அனுப்பும். வருகிறவரும் அதே ஆளாக இருந்தால் தொகை பெரிதாக மாறாது.