ஜனவரியில் மலிவாகக் காடி (கார்) கிடைக்கிறதா? முதலில் சீட் பெல்ட்டை இழுத்துப் பாருங்கள்

மலேசியாவில், சிலாங்கூரில் இருக்கும் எங்கள் ஊர்ப் பெயரை பெஸ்தாரி ஜெயா என்று மாற்றி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. எங்களுக்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். சுற்றிலும் செம்பனைத் தோட்டம். நான் எண்ணெய் ஆலையில் ஷிப்ட் வேலை. இரண்டு பிள்ளைகளையும் மோட்டார் சைக்கிளில் வைத்து மழையில் தமிழ்ப்பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டது போதும், ஒரு பழைய காடி வாங்குவோம் என்று 2022 தொடக்கத்தில் முடிவு செய்தேன்.

ஆலையில் எல்லோரும் ஒரே பேச்சு: "புது வருடம் பிறந்ததும் வாங்கு." அதில் பொய்யில்லை. டிசம்பர் 31 வரை ஆறு வயதாக இருந்த காடி மறுநாள் ஏழு வயதாகிவிடும். ஒரு கிலோமீட்டர்கூட ஓடியிருக்காது, விலை மட்டும் இறங்கும். வருடக் கடைசியில் புதுக் காடி எடுப்பவர்கள் பழையதைக் கொடுத்துவிட்டுப் போவதால் கடைகளில் சரக்கும் நிறைய நிற்கும். நோன்புப் பெருநாள் (ராயா) நெருங்கினால் எல்லோருக்கும் கம்பத்துக்கு, அதாவது சொந்த ஊருக்குப் போகக் காடி வேண்டும், விலை ஏறிவிடும்.

கிள்ளான் பக்கம் ஒரு கடை. பெயர் சொல்லப் போவதில்லை. அங்கே இருந்த தம்பி நம்ம ஆள்தான். "அண்ணே, சீனப் பெருநாள் முடிஞ்சிருச்சு, ராயா வந்தா இந்த விலைக்குக் கிடைக்காது, இப்பவே எடுத்துருங்க" என்றான். 2015 பெரோடுவா மைவி, சின்னக் காடி, 1.3 ஆட்டோ, 22,500 வெள்ளி (ரிங்கிட்). நான் பார்த்த மற்ற இடங்களில் அதே வருடத்து மைவிக்கு 27,000, 28,000 சொன்னார்கள். அப்போது புதுக் காடிக்கு விற்பனை வரி விலக்கு ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் பதிந்தவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். அதனால் பழைய காடிக்கே கிராக்கி. அப்படிப்பட்ட நேரத்தில் இது மட்டும் ஏன் ஐயாயிரம் குறைவு என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன். 2,500 முன்பணம், மீதி ஏழு வருட லோன், மாதம் 305 வெள்ளி.

உள்ளே உட்கார்ந்ததும் எலுமிச்சை வாசனை தூக்கியது. தரைக் கம்பளம் புதுசு. "அண்ணனுக்காகப் புதுசா போட்டோம்" என்றான். நானும் பூரித்துப் போனேன்.

மூன்றாவது வாரம் ஏர்கான் போட்டால் ஈரச் சாக்கு நாற்றம். அப்புறம் பவர் ஸ்டீயரிங் விளக்கு எரிந்தது. ஒரு ராத்திரி இரண்டாம் ஷிப்ட் முடிந்து ஈஜோக் சாலையில் வரும்போது காடி அப்படியே நின்றுவிட்டது. இருட்டு, இரண்டு பக்கமும் செம்பனை. மச்சான் லோரி கொண்டுவந்து கட்டி இழுத்தார்.

எங்கள் ஊர் போமேன், அதாவது காடி மெக்கானிக், வயதானவர், அதிகம் பேசமாட்டார். பானட்டைக்கூட முதலில் திறக்கவில்லை. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தார். அடியில் ஒரு முழம் பழுப்புக் கோடு. சேறு. ஸ்பேர் டயரைத் தூக்கினார், பள்ளத்தில் மாவு மாதிரி மண். கம்பளத்தை உரித்தார், வயர் இணைப்புகளில் பச்சைப் பூஞ்சை போல் செம்புக் களிம்பு. டிரைவர் சீட்டுத் தண்டவாளத்தின் அடியில் ஒட்டிக் கிடந்த ஒரு மளிகை ரசீதைப் பிய்த்து என் கையில் கொடுத்தார். தேதி அழிந்திருந்தது. முகவரி தெரிந்தது: தாமான் ஸ்ரீ மூடா, ஷா ஆலாம். 2021 டிசம்பர் வெள்ளத்தில் கூரைமேல் ஏறி ஜனங்கள் காத்திருந்த அதே குடியிருப்பு.

கடைக்குப் போனேன். "எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும்தான் வாரண்டி, வயரிங் கணக்கில் வராது. புஸ்பாகோம் பாஸ் ஆயிருக்கே" என்றார்கள். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறோம். புஸ்பாகோம் என்பது வாகனப் பரிசோதனை நிலையம். பெயர் மாற்றத்துக்கு அங்கே எடுக்கும் பி5 சோதனையில் எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர் எல்லாம் சரியா என்று பார்ப்பார்கள். கம்பளத்தைத் தூக்கிச் சேறு தேடமாட்டார்கள். பாஸ் என்றால் வெள்ளத்தில் மூழ்காத காடி என்று அர்த்தமில்லை.

ரிப்பேர் 4,200 வெள்ளி. என் நல்ல காலம், வாங்குமுன் வாட்ஸப்பில் "பஞ்சிர் காடியா?" என்று, அதாவது வெள்ளத்தில் மூழ்கியதா என்று கேட்டிருந்தேன். அவனும் "கண்டிப்பா இல்லண்ணே" என்று எழுதியிருந்தான். அதை அச்செடுத்து, போமேன் எடுத்த படங்களோடு பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போனேன். கட்டணம் 5 வெள்ளிதான். 50,000 வெள்ளி வரைக்கும் வழக்குப் போடலாம், வக்கீல் தேவையில்லை. விசாரணை அன்றே கடைக்காரர் சமாதானத்துக்கு வந்தார், 3,500 கொடுத்தார். வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளம் போனது போனதுதான்.

வருடத் தொடக்கத்தில் வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. விலை உண்மையிலேயே இறங்கும். ஆனால் நம் நாட்டில் அது பெருமழைக்கு அடுத்த மாதம், மூழ்கிய காடிகளும் அதே நேரத்தில்தான் கழுவித் துடைத்து வெளியே வருகின்றன. விற்பவர் சொல்வதை எழுத்தில் வாங்குங்கள். சர்வீஸ் புத்தகம் கேளுங்கள், கடைசியாக எந்த ஊரில் சர்வீஸ் செய்தது என்று பாருங்கள். வாசனை தூக்கலாக இருந்தால் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பத்து நிமிடம் உள்ளேயே உட்காருங்கள்.

பத்தாங் பெர்ஜுந்தை, ஈஜோக் பக்கம் யாராவது காடி பார்க்கப் போவதாக இருந்தால் சொல்லுங்கள். சனிக்கிழமை எனக்கு ஷிப்ட் இல்லை, டார்ச் லைட் என்னிடம் இருக்கிறது.